நீராவி ஹீட்டிங்: மாடி அறைகள் சூடாகவில்லை, ராத்திரியெல்லாம் குழாயில் சத்தம், அவசர உதவி தேவை

ஓக்பார்க்வாசி:
வணக்கம். சிகாகோ பக்கத்தில் ஓக் பார்க்கில் பழைய வீடு வாங்கிக் குடிவந்திருக்கிறோம், இது முதல் குளிர்காலம். கீழே உட்கார முடியாத வெக்கை. மாடியில் இரண்டு ரேடியேட்டர்கள் (நீராவி புகுந்து அறையைச் சூடாக்கும் இரும்புச் சட்டங்கள்) ஜில்லென்று கிடக்கின்றன, அதில் ஒன்று குழந்தை தூங்கும் அறை. ராத்திரி பேஸ்மென்ட்டில் டமால் டமால் என்று சத்தம். பிளம்பர் வந்து பார்த்துவிட்டு எல்லா ரேடியேட்டருக்கும் ஏர் வென்ட், அதாவது உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றும் மூடி, போட்டால் சரியாகிவிடும் என்கிறார். போடலாமா? இந்த வாரமே பதில் சொல்ல வேண்டும்.

எடிசன்தம்பி:
ஒற்றைக் குழாயா, இரட்டைக் குழாயா? பாய்லர் பழசா புதுசா? கேஜில் பிரஷர் எவ்வளவு? படம் இருந்தால் போடுங்கள் அண்ணா, எதுவுமே சொல்லாமல் கேட்டால் எப்படி.

மில்வாக்கிக்காரி:
எனக்கென்னவோ தெர்மோஸ்டாட் கீழே இருப்பதுதான் காரணம் என்று படுகிறது. கீழே சீக்கிரம் சூடாகி பாய்லர் நின்றுவிடுகிறது. கீழ் ரேடியேட்டர் வால்வுகளைப் பாதி மூடிப் பாருங்கள்.

எடிசன்தம்பி:
ஐயோ, நீராவி வால்வைப் பாதி மூடவே கூடாது! முழுக்கத் திறந்திருக்கணும், இல்லை முழுக்க மூடியிருக்கணும். பாதியில் நின்றால், நீராவி குளிர்ந்து ஆன தண்ணீர் இறங்க வழியில்லாமல் குழாயில் அடிக்கும்.

பாய்லர்பெரியவர்:
தம்பி, அது ஒற்றைக் குழாய்க்கான விதி. ஒரே குழாயில் நீராவி ஏறித் தண்ணீரும் இறங்கும் வீட்டில்தான் அப்படி. வேப்பர் சிஸ்டம் என்கிற, மிகக் குறைந்த பிரஷரில் ஓடும் இரட்டைக் குழாய் அமைப்பில் தண்ணீருக்குத் தனிக் குழாய், அதனால் வால்வைக் கொஞ்சமாகத் திறந்து வைக்கலாம், அதற்காகத்தான் அந்த வால்வையே செய்தார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் இங்கே வருகிறவனுக்கெல்லாம் புத்தி சொல்லக் கிளம்பிவிடுகிறீர்கள். கேட்டவர் முதலில் மாடிக்குப் போய் ரேடியேட்டரைப் பார்க்கட்டும். வால்வு மேலே இருக்கிறதா, எதிர் முனையில் அடியில் என்ன இருக்கிறது, அதில் என்ன பெயர். வீடு கட்டிய வருடம் என்ன. இதையெல்லாம் பார்க்காமல் ஹீட்டிங்கில் கைவைக்கக் கூடாது.

ஓக்பார்க்வாசி:
1924இல் கட்டியது. வால்வு மேலே, எதிர்ப்பக்கம் அடியில் உருண்டையாகப் பித்தளையில் ஒன்று, பெயின்ட்டைச் சுரண்டினால் டன்ஹாம் என்று தெரிகிறது. பாய்லரை முன்பு இருந்தவர்கள் மாற்றியிருக்கிறார்கள். பாய்லர் பக்கத்தில் உள்ள பிரஷர் பெட்டியில் முள் 2இல் நிற்கிறது.

பாய்லர்பெரியவர்:
அப்படியென்றால் வேப்பர் சிஸ்டமேதான். அயோவாவில் மார்ஷல்டவுன் ஊர்க்காரர் டன்ஹாம் 1903இல் கண்டுபிடித்த ட்ராப் அது. உள்ளே ஒரு சின்னத் துருத்தி இருக்கும், காற்றும் தண்ணீரும் போக விடும், நீராவியின் சூடு பட்டால் விரிந்து அடைத்துக்கொள்ளும். காற்று ட்ராப் வழியாக, தண்ணீர் பாய்லருக்குத் திரும்பும் ரிட்டர்ன் குழாயில் இறங்கி, பேஸ்மென்ட்டில் உள்ள ஒரே பெரிய வென்ட் வழியாக வெளியேற வேண்டும். ரேடியேட்டருக்கு ரேடியேட்டர் வென்ட் என்பதே இங்கே கிடையாது, பிளம்பரை நிறுத்துங்கள்.

அந்தப் பெட்டி, பிரஷர் ஏறினால் பாய்லரை நிறுத்துவது; அதில் 2 என்பது சதுர அங்குலத்துக்கு இரண்டு பவுண்டு. வேப்பர் வீடு ஓடுவது அவுன்ஸில், 16 அவுன்ஸ் ஒரு பவுண்டு. ஒரு பவுண்டு பிரஷர் தண்ணீரை 28 அங்குலம் தூக்கும். இரண்டு பவுண்டு என்றால் நாலரை அடிக்கு மேல். பாய்லர் தண்ணீர் மட்டத்திலிருந்து உங்கள் ரிட்டர்ன் குழாய் அவ்வளவு உயரத்தில் இருக்குமா? இருக்காது. அதனால் திரும்பி வர வேண்டிய தண்ணீர் குழாயிலேயே தேங்கி, காற்றுக்கு வழியில்லாமல் மாடி ஜில்லென்று கிடக்கிறது. ஓடி வரும் நீராவி அந்தத் தண்ணீரில் மோதும் சத்தம்தான் உங்கள் டமால்.

பழைய காலத்தில் பாய்லர் பக்கத்தில் ரிட்டர்ன் ட்ராப் என்று ஒரு இரும்புப் பாத்திரம் இருந்தது. தண்ணீர் ஏறினால் உள்ளே மிதவை எழும்பி பாய்லர் நீராவியை உள்ளே விடும், இரண்டு பக்கமும் பிரஷர் சமமாகித் தண்ணீர் தானாக பாய்லருக்குள் இறங்கும். பாய்லர் மாற்றுகிறவர்கள் அதைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் பிரஷரைக் குறைத்து வைப்பது ஒன்றே காவல்.

டல்லாஸ்மாமா:
நூறு வருஷப் பழசோடு எதற்கு மல்லுக்கு நிற்கிறீர்கள்? எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு ஹீட் பம்ப் (ஏசியைப் போலவே ஓடி, குளிரில் வீட்டைச் சூடாக்கும் கருவி) போடுங்கள், கோடையில் ஏசியும் ஆச்சு.

மில்வாக்கிக்காரி:
மாமா, டல்லாஸில் உட்கார்ந்து சிகாகோ ஜனவரிக்கு யோசனை சொல்லாதீர்கள். பிளாஸ்டர் சுவரை உடைத்து டக்ட் (காற்று போகும் தகரக் குழாய்) இழுக்க ஆகும் செலவு யார் தருவது?

டல்லாஸ்மாமா:
டக்ட் இல்லாமலும் ஹீட் பம்ப் வருகிறது, குளிருக்கென்றே செய்வதும் இருக்கிறது. பழசு என்றாலே கட்டிப்பிடித்துக்கொள்வதா?

எடிசன்தம்பி:
சண்டையைத் தனி இழையில் வைத்துக்கொள்ளுங்கள். அண்ணா, குழாயில் வெள்ளையாகச் சுற்றியிருந்தால் தொடாதீர்கள், அந்தக் காலத்து வீட்டில் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம், அதன் தூசி நுரையீரலுக்குக் கெடுதல். சோதித்த பிறகுதான் கைவைக்கணும்.

பாய்லர்பெரியவர்:
தம்பி சொல்வது சரி. கேட்டவருக்கு: நீராவி தெரிந்த ஆளை வைத்து அந்தப் பெட்டிக்குப் பதில் வேப்பர்ஸ்டாட் (அவுன்ஸ் அளவில் பிரஷரைக் கட்டுப்படுத்தும் பெட்டி) மாட்டச் சொல்லுங்கள், 8 அவுன்ஸில் நிற்கட்டும், 14 அங்குலம்தான் தூக்கும். அப்புறம் பாய்லர் பக்கத்தில் ரிட்டர்ன் முடியும் இடத்தில் வென்ட் இருக்கிறதா பாருங்கள்.

ஓக்பார்க்வாசி:
வென்ட் இருக்க வேண்டிய இடத்தில் பித்தளை அடைப்பான் போட்டு மூடியிருக்கிறார்கள்.

பாய்லர்பெரியவர்:
அடடா. காற்று எங்கே போகும் பின்னே? பாய்லர் முழுக்க ஆறிய பிறகு கழற்றி, பெரிய வென்டாகப் போடச் சொல்லுங்கள்.

மில்வாக்கிக்காரி:
என்ன ஆச்சு? குழந்தை அறை சூடாச்சா?

ஓக்பார்க்வாசி:
மன்னிக்கவும், வேலை. இரண்டும் மாற்றியாச்சு, சத்தம் நின்றுவிட்டது, குழந்தை அறை சூடாகிறது. இன்னொரு அறையில் ரேடியேட்டரின் முதல் இரண்டு மூன்று பிரிவுகள் மட்டும் சூடு. எல்லோருக்கும் நன்றி.

பாய்லர்பெரியவர்:
அந்த ஒன்றில் ட்ராப் மூடியபடியே சிக்கியிருக்கும், உள்ளே இருக்கும் துருத்தியை மட்டும் மாற்றலாம், முழு ட்ராப் வாங்காதீர்கள். கீழே வெக்கை என்றீர்களே, அங்கே ட்ராப்பைத் தாண்டிய குழாயும் ரேடியேட்டர் அளவுக்கே சுடுகிறதா? சுட்டால் அது திறந்தபடியே போய்விட்டது, நீராவி ரிட்டர்னுக்குள் புகுந்து புது வென்டையும் அடைக்கும். பார்த்துச் சொல்லுங்கள்.

எடிசன்தம்பி:
அண்ணா, பார்த்தீர்களா?