அலுவலகத்தில் குழந்தைக் காப்பகம் கேட்டு வாங்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். பெங்களூரு மாரத்தஹள்ளியில் இருக்கிறோம். மகளுக்கு ஐந்து மாதம். என் 26 வார மகப்பேறு விடுப்பு அடுத்த மாதம் 10-ஆம் தேதி முடிகிறது. இதுவரை அம்மா உடன் இருந்தார். தென்காசியில் அப்பாவுக்கு டயாலிசிஸ் தொடங்கிவிட்டதால் இனி அவரை இங்கே பிடித்து வைக்க முடியாது. கணவருக்குப் பிரசவத்தின்போது கிடைத்த விடுப்பே மூன்று நாள்தான். மத்திய அரசு ஊழியர் என்றால் 15 நாள். அது தனிப் புலம்பல், விடுங்கள்.

2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தியபோது, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் காப்பக வசதி வேண்டும், தாய் நாளைக்கு நான்கு முறை அங்கே போய்வர அனுமதிக்க வேண்டும் என்று சேர்த்தார்கள். எங்கள் அலுவலகத்தில் 300 பேர். மனிதவளப் பிரிவில் கேட்டால், அடுத்த தெருவில் இருக்கும் தனியார் காப்பகத்தில் தள்ளுபடி வாங்கித் தருகிறார்களாம். அங்கே ஒன்றரை வயதுக்குக் குறைந்த குழந்தையைச் சேர்ப்பதில்லை. அதுவரை மகளைக் கோப்பு அலமாரியிலா வைப்பது?

எழுத்து மூலம் கேட்டு வசதி பெற்றவர்கள், கடிதத்தில் என்ன எழுதினீர்கள் என்று சொல்லுங்கள். தொழிலாளர் துறையில் மனு கொடுத்தவர்கள் உண்டா? அதன்பிறகு அலுவலகத்தில் உங்களை எப்படி நடத்தினார்கள்? எனக்குப் பயமே அதுதான். கன்னடத்தில் மனு எழுத உதவுபவர் இருந்தாலும் நல்லது.

வைட்ஃபீல்டு பக்கம் கைக்குழந்தையைச் சேர்த்துக்கொண்டு, எடுத்துவைத்த தாய்ப்பாலை நேரத்துக்குப் புகட்டும் காப்பகம் தெரிந்தால் தனிச்செய்தியில் சொல்லுங்கள். நேரில் போய்ப் பார்த்ததாக இருக்கட்டும்.