பலமுறை ஜெயித்த எம்.எல்.ஏ.வை நேரில் பார்த்திருக்கிறீர்களா?

மனு அடிப்பவர்:

தாலுகா ஆபீஸ் வாசல் புளியமரத்தடியில் 29 வருஷம் மனு அடித்துக் கொடுத்தவன் நான். முதலில் ஹால்டா டைப்ரைட்டர் மெஷின், கடைசி சில வருஷம் கம்ப்யூட்டர். அடித்ததில் பாதிக்குப் பாதி எம்.எல்.ஏ.வுக்குப் போகிற மனுக்கள்தான். எங்கள் கொங்குப் பக்கத்தில் ஒருத்தர் 5 முறை ஜெயித்தவர். பெயரும் கட்சியும் வேண்டாம்.

ஒரு கோடையில் தண்ணீர்த் தொட்டி விஷயமாக எங்கள் தெருக்காரர்களோடு நானும் அவர் வீட்டுக்குப் போனேன். காலை ஆறரைக்கே திண்ணை நிறைந்து, வேப்பமரத்தடி வரைக்கும் ஆள். எங்கள் முறை வந்தது. மனுவை வாங்கியவர் மேலே ஒரு வரிகூடப் படிக்கவில்லை. நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனார். கையெழுத்துகள் இருக்கும் இடம். ஆள்காட்டி விரலை வைத்து ஒவ்வொரு பெயராக இறங்கிக்கொண்டே வந்து, நிமிர்ந்து கேட்டார்: "மேக்கால வீதியில ஒருத்தருமே கையெழுத்துப் போடலீங்களே, ஏனுங்?"

மேற்கு வீதிக்காரர்களுக்கும் எங்களுக்கும் கோயில் வரி விஷயத்தில் ஒரு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. அது அவருக்குத் தெரியும் என்பது எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. "அவீகளையும் கூட்டிட்டு வாங்க, ரெண்டு வீதிக்கும் நடுவால வெச்சரலாம்" என்றார். கூட்டிக்கொண்டு போக ஒன்றரை மாதம் ஆனது. தொட்டியும் வந்தது.

நான் ராத்திரி உட்கார்ந்து யோசித்து எழுதிய 'தாய்மார்கள் படும் அல்லல்' என்கிற பத்தியை அவர் கண் தொடவே இல்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான். ஆனால் அன்றிலிருந்து என் மனுக்களில் மேட்டர் சுருக்கமாகவும் கையெழுத்துக்கு இடம் தாராளமாகவும் இருக்கும்.

இப்படிப் பத்து வருஷம், இருபது வருஷம் சட்டசபையில் இருந்தவர்களைப் பக்கத்திலோ தூரத்திலோ பார்த்தவர்கள் எழுதுங்கள். துதியும் வேண்டாம், வசவும் வேண்டாம். கண்ணால் பார்த்தது போதும்.

குளித்தலைப் பேரன்:

நான் பார்த்தது ஒரே தடவை, அதுவும் தூரத்தில். ஆனால் எங்கள் வீட்டுக் கதை 1957-ல் ஆரம்பிக்கிறது. அந்தத் தேர்தலில் திமுக முதன்முதலாகச் சட்டசபைக்குப் போனது, மொத்தம் 15 பேர். அதில் ஒருவர் எங்கள் குளித்தலையில் ஜெயித்த கலைஞர். சட்டசபையில் அவருடைய கன்னிப்பேச்சு நங்கவரம் விவசாயிகள் பிரச்சினையைப் பற்றியது. என் தாத்தா அந்த நங்கவரத்தில், விளைச்சலில் பங்கு என்று, வாரத்துக்கு உழுதவர். "நம்ம ஊர்ப் பேரு கோட்டைக்குள்ள கேட்டுச்சுடா" என்பதை நான் சின்ன வயதில் எத்தனை முறை கேட்டேன் என்பதற்குக் கணக்கில்லை.

அடுத்த தேர்தலிலேயே அவர் தஞ்சாவூருக்குப் போய்விட்டார். பிறகு சைதாப்பேட்டை, அண்ணா நகர், துறைமுகம், சேப்பாக்கம், கடைசியில் திருவாரூர். தாத்தாவுக்கு அதில் கடைசிவரை சின்ன வருத்தம் உண்டு. ஆனாலும் அவர் முதலமைச்சரான பிறகும் தாத்தா வாயில் வருவது "நம்ம எம்.எல்.ஏ." தான். உள்ளூரில் வேறு யார் ஜெயித்திருந்தாலும் அவர்கள் பெயரைத்தான் சொல்வார், அந்தப் பட்டம் கொடுக்க மாட்டார்.

நின்ற 13 தேர்தலிலும் ஜெயித்தவர் என்று எல்லோரும் சொல்கிறார்கள், சரிதான். எப்படி ஜெயித்தார் என்பதையும் பார்க்க வேண்டும். 1980-ல் அண்ணா நகரில் 699 ஓட்டு வித்தியாசம். ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு நடந்த 1991 தேர்தலில் துறைமுகத்தில் 890 ஓட்டு. அந்தப் பதவியையும் ராஜினாமா செய்துவிட்டார். தோற்காதவர் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம், அந்த 699-ஐ எண்ணி முடிக்கிறவரை அந்த வீட்டில் யார் சாப்பிட்டிருப்பார்கள்?

நான் பார்த்தது 2016-ல், திருவாரூர்ப் பக்கம், வேனில் உட்கார்ந்தபடி பிரசாரத்துக்கு வந்தபோது. அவருக்கு அப்போது 91 வயது. வெயில், தூசி, பறை. அந்தக் கரகரப்பு மைக்கில் வந்ததும் எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு கிழவி முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டார், கோயிலில் தீபாராதனைக்குப் போடுவது போல. அந்தத் தேர்தலில் வித்தியாசம் 68,366. தாத்தா இருந்திருந்தால், "குளித்தலையிலயே நின்னிருக்கலாம்" என்றிருப்பார்.

எண்ணிக்கை முகவர்:

699 என்று படித்ததும் கை பரபரத்தது. 2021 மே 2, காட்பாடித் தொகுதி எண்ணிக்கை. உள்ளே ஏஜென்டாக இருந்தேன். எந்தக் கட்சிக்கு என்று கேட்காதீர்கள், இரண்டு பக்கமும் எனக்குச் சொந்தக்காரர்கள் உண்டு.

போனவர்களுக்குத் தெரியும். கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நாம், அந்தப் பக்கம் மேஜை. ஓட்டு மெஷினின் கண்ட்ரோல் யூனிட்டைத் தூக்கிக் காட்டுவார்கள், சீல் சரியா என்று பார்ப்போம். பட்டனை அழுத்தினால் ஒவ்வொரு வேட்பாளராக நம்பர் வரும். கையில் இருக்கும் 17சி படிவ நகலோடு (பூத்தில் பதிவான ஓட்டுக் கணக்கு) மொத்தம் ஒத்துப்போகிறதா என்று பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். அன்று எல்லோருக்கும் மாஸ்க், பேனா பிடித்த கையெல்லாம் சானிடைசர் வாசம்.

துரைமுருகன் அதற்கு முன்பே 9 முறை எம்.எல்.ஏ. 1971-ல் இதே காட்பாடியில்தான் முதல் வெற்றி. ராணிப்பேட்டையில் இரண்டு முறை ஜெயித்துவிட்டு மறுபடி காட்பாடிக்கே வந்தவர். நடுவில் 1984-லும் 1991-லும் தோல்வி. சட்டசபையில் அவர் பேச எழுந்தால் எதிர்க்கட்சி வரிசையும் சிரிக்கத் தயாராக உட்காரும் என்பார்கள். ஆனால் கண்ட்ரோல் யூனிட்டுக்கு அதெல்லாம் தெரியாதே. சுற்றுக்குச் சுற்று அதிமுகவின் ராமு முன்னால் போய்க்கொண்டிருந்தார். எங்கள் வரிசையில் யாரும் தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை. எழுந்தால் ராசி போய்விடும் என்று ஒருத்தர் கிளப்பிவிட்டார், பிறகு எதிர் ஏஜென்டுகளும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் 746 ஓட்டில் துரைமுருகன்.

முதல் வெற்றிக்குச் சரியாக 50 வருஷம் கழித்து, அதே ஊரில் 746. எங்கள் தெருவும் அடுத்த தெருவும் சேர்ந்தால் அவ்வளவு ஓட்டு வரும். வெளியே வந்து பைக்கை எடுக்கும்போது என் கை நடுங்கிக்கொண்டிருந்தது. அடுத்த நாள் தெருவில் பார்த்தவர்கள் எல்லோருக்கும் அந்த 746-ம் தங்களுடைய ஓட்டுதான்.

லோடு வண்டி:

நாமக்கல் வண்டி ஓட்டுகிறேன். சோலாப்பூர் பக்கம் சாங்கோலாவில் மாதுளை ஏற்றிக்கொண்டு வருவோம். அங்கே கண்பத்ராவ் தேஷ்முக் என்று ஒருத்தர், சேத்கரி காம்கார் பட்சம் என்கிற சின்னக் கட்சி, ஒரே தொகுதியில் 11 முறை. 2014-ல் கடைசியாக ஜெயித்தபோது வயது 85-க்கு மேல். மும்பையில் ஆளும் கட்சி மாறிக்கொண்டே இருக்கும், இவர் மட்டும் கட்சி மாற மாட்டார். நான் அவரைப் பார்த்ததில்லை. அவரைப் பற்றிப் பேசாத டீக்கடையையும் பார்த்ததில்லை. அரசு பஸ்ஸில் போய்வருவார் என்பதைத்தான் எல்லோரும் முதலில் சொல்வார்கள், 11 முறை ஜெயித்ததை இரண்டாவதாக. 2021 ஜூலையில் காலமானார். அதற்கப்புறம் லோடுக்குப் போனபோது ஏற்றுக்கூலி ஆள் ஒருத்தர் மராத்தியில் என்னவோ சொல்லி, கையிலிருந்த பழத்தை நெற்றியில் ஒற்றிக்கொண்டு பெட்டியில் வைத்தார். எனக்குப் புரிந்தது 'ஆபா' என்ற ஒரே சொல்தான், அங்கே அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

சங்ஙனாசேரி பாத்திரக்கடை:

எனக்குச் சொந்த ஊர் கம்பம். எங்கப்பா காலத்திலிருந்து கேரளத்துச் சங்ஙனாசேரியில் எவர்சில்வர் கடை. கோட்டயம் ஜில்லாவுக்குள்ளேயே இரண்டு பேர் இருந்தார்கள். பாலாவில் கே.எம். மாணி, புதுப்பள்ளியில் முதலமைச்சராகவும் இருந்த உம்மன் சாண்டி. ஒருத்தர் 13 முறை, இன்னொருத்தர் 12 முறை, இருவருமே தொகுதியை விட்டு நகரவில்லை. கலைஞரைப் போல இடம் மாறி மாறி ஜெயிப்பதும் ஒரு வித்தை, ஒரே இடத்தில் வேர்விட்டு உட்காருவதும் ஒரு வித்தை. கல்யாண வீட்டில் ஒரு நாள் விருந்தாளியாக நல்ல பெயர் வாங்கலாம். மாமியார் வீட்டோடு 50 வருஷம் இருந்து நல்ல பெயர் வாங்குவதுதான் பெரும்பாடு.

மாணி சாரின் முதல் வெற்றி 1965. அந்தத் தேர்தலில் யாருக்கும் பெரும்பான்மை இல்லை, சபை கூடவே இல்லை, கலைத்துவிட்டார்கள். ஜெயித்தும் உள்ளே போக முடியாத எம்.எல்.ஏ.! 1967-ல் மறுபடி நின்று ஜெயித்துப் போனவர் 2019 ஏப்ரலில் சாகும்வரை பாலாவின் எம்.எல்.ஏ. நிதி மந்திரியாக 13 பட்ஜெட். கடைசி பட்ஜெட் 2015-ல். பார் லைசன்ஸ் லஞ்சப் புகாரால் அவர் படிக்கவே கூடாது என்று எதிர்க்கட்சியினர் சபாநாயகர் நாற்காலியையே தூக்கி எறிந்த நாள். கடையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது, குக்கர் வாங்க வந்த பெண்கள்கூட விலை கேட்பதை விட்டுவிட்டு நின்றார்கள். அத்தனை ரகளையிலும் அவர் படித்தார். அவர் போன பிறகு நடந்த இடைத்தேர்தலில், அவரிடம் மூன்று முறை தோற்ற மாணி சி. காப்பன் ஜெயித்தார். 2021-ல் மகன் நின்றும் காப்பனே ஜெயித்தார். அப்பா தோற்கடித்தது காப்பனை மூன்று முறை, காப்பன் காத்திருந்தது 13 வருஷம்.

உம்மன் சாண்டி கதை வேறு. ஞாயிற்றுக்கிழமை புதுப்பள்ளி வீடு திறந்த வீடு. எங்கள் கடைப் பையன் புதுப்பள்ளிக்காரன், அவன் அம்மாவுக்கு டயாலிசிஸ், நிவாரண நிதிக்கு மனு. துணைக்குப் போனேன். செருப்புகளை மிதிக்காமல் வாசல்படி ஏற முடியவில்லை. சமையலறைப் பக்கமிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். அவர் எங்கே என்று எட்டி எட்டிப் பார்த்ததில் எனக்குக் கிடைத்த தரிசனம் சீவாத அந்தத் தலைமுடி மட்டும். பையன் உள்ளூர்க்காரன், எந்த இடுக்கில் நுழைய வேண்டும் என்று தெரியும். பத்து நிமிஷத்தில் வெளியே வந்தான். மனுவின் ஓரத்தில் நீல மையில் கோணலாக ஒரு வரி, கீழே கையெழுத்து. நாற்காலி, மேஜை எதுவும் இல்லாமல் நின்றுகொண்டே எழுதியது என்று அந்தக் கோணலைப் பார்த்தாலே தெரியும்.

2022 ஆகஸ்டில், கேரளத்தில் அதிக நாள் எம்.எல்.ஏ.வாக இருந்தவர் என்ற மாணி சாரின் கணக்கை அவர் தாண்டினார். மறு வருஷம் ஜூலை 18, பெங்களூரில் காலமானார். மறுநாள் காலை திருவனந்தபுரத்திலிருந்து உடலை ஒரு கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ்ஸில் எடுத்துக்கொண்டு எம்.சி. ரோட்டில் கிளம்பினார்கள். சாதாரணமாக நாலு மணி நேரப் பாதை. சாயங்காலம் வந்துவிடும் என்று கடையைச் சாத்திவிட்டு நின்றோம். வரவில்லை. மழை தூறியது. நடு ராத்திரிக்கு, குழந்தைகளுக்கென்று பக்கத்து வீட்டு அம்மா ஒரு குண்டான் கட்டன் காப்பி (பால் விடாதது) கொண்டுவந்தார், பெரியவர்கள் குடித்துத் தீர்த்தோம். கடைப் பையன் மனுவின் ஜெராக்ஸை பாலிதீன் கவரில் போட்டுச் சட்டைப்பையில் வைத்திருந்தான். எதற்கு என்று கேட்டேன். "சும்மா" என்றான். விடிய விடிய நின்று பார்த்தோம், பஸ் ஒரு ஆள் நடக்கும் வேகத்தில் போனது. அரசு மரியாதை வேண்டாம் என்று குடும்பத்தார் சொல்லிவிட்டார்கள்.

பெயர் வேண்டாம்:

படித்தேன். எல்லாம் சரி. எங்கள் ஊரிலும் ஒருத்தர் நாலு முறை. ஆற்றுப் பாலத்துக்கு மூன்று முறை அடிக்கல் நாட்டினார். மூன்று கல்லும் வரிசையாக இருக்கின்றன, ஆடு கட்ட வசதி. துக்க வீட்டுக்கு முதல் ஆளாக வந்து உட்காருவார், அழுவார், பாடை தூக்குவார். எங்கள் அப்பா ஆற்றில் வெள்ளம் போன ராத்திரி, அந்தப் பக்கம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியாமல்தான் போனார். அந்தத் துக்கத்துக்கும் அவர் வந்தார். நன்றாகத்தான் அழுதார். அடுத்த தேர்தலில் எங்கள் அம்மா அவருக்குத்தான் ஓட்டுப் போட்டேன் என்றார். இன்றுவரை எனக்கும் அம்மாவுக்கும் அதில் சண்டை.

மனு அடிப்பவர்:

பெயர் வேண்டாம் தம்பிக்கு என்ன பதில் சொல்வது என்று இரண்டு நாள் யோசித்தேன். தெரியவில்லை. அம்மாவோடு சண்டையை மட்டும் விடுங்கள் கண்ணு.

என் ஆளைப் பற்றி ஒன்று பாக்கி இருக்கிறது. ஆறாவது முறை தோற்றார். அதற்கடுத்த தேர்தலில் சீட்டே கொடுக்கவில்லை. அப்புறம் ஒரு நாள் மத்தியானம் புளியமரத்தடிக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். கூட யாரும் இல்லை. எனக்கு முன்னால் இரண்டு பேர் இருந்தார்கள், எழுந்து இடம் விட்டதற்கு "இருங்க, இருங்க, முறைப்படியே வரட்டும்" என்றார். பூர்வீகக் காட்டுக்குப் பட்டா மாறுதல் கேட்டு ஆறு மாதமாகியும் ஆகவில்லையாம், தாசில்தாருக்கு ஒரு நினைவூட்டு மனு வேண்டும். எத்தனையோ ஆயிரம் மனு வாங்கிய கைக்கு எழுதத் தெரியவில்லை.

அடித்து முடித்துவிட்டு, "பேருக்குக் கீழ 'முன்னாள் சட்டமன்ற உறுப்பினர்'னு போட்டுரட்டுங்களா?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்தார். "வேண்டாங் கண்ணு. ரேஷன் கார்டுல இருக்கறாப்புலயே போடு."

பேப்பரை உருவி நீட்டினேன். பேனாவைத் திறந்து, பழக்க தோஷத்தில் ஓரத்தில், பரிந்துரை எழுதுகிற இடத்தில், கையெழுத்துப் போட்டுவிட்டார். இரண்டு பேரும் அதைப் பார்த்துச் சிரித்தோம். புதுத் தாளைச் சொருகி மறுபடி முழுக்க அடித்தேன். இரண்டு மனுவுக்கும் காசு கொடுத்துவிட்டுத்தான் போனார்.