மருந்து என்று எண்ணாமல் உட்கொண்டவை: கொழும்பிலிருந்து சில அனுபவங்கள்

வெள்ளவத்தையிலிருந்து

இலை, காய், கிழங்கு என்று கைமருந்தாகவோ உணவாகவோ எடுத்தவை உடம்பைக் கெடுத்த அனுபவம் யாருக்காவது உண்டா என்று கேட்பதற்கு முன், என் வீட்டில் நடந்ததை நானே எழுதிவிடுவதுதான் முறை. ஏனென்றால் அந்தச் சாற்றை ஒவ்வொரு நாளும் பிழிந்து கொடுத்தவள் நான்.

என் மாமாவுக்கு எழுபத்திரண்டு வயது. இருபது வருடமாகச் சீனி வருத்தம். காமரங்காய்ச் (நட்சத்திரப் பழம்) சாற்றை வெறும் வயிற்றில் குடித்தால் சீனி இறங்கும் என்று கோயிலில் சந்தித்த ஒருவர் அவருக்குச் சொல்லியிருக்கிறார். எங்கள் ஒழுங்கை முனையில் உள்ள வீட்டு மரம் மதிலுக்கு வெளியேயும் காய்த்துத் தொங்கும். கேட்டால் பை நிறையத் தருவார்கள். நான்கு காய்களைக் கழுவி, விளிம்பைச் சீவி, குறுக்கே வெட்டி, பிளெண்டரில் அடித்து வடித்தால் பெரிய தம்ளர் ஒன்று நிறையும். உப்பும் சேர்க்கக் கூடாது, சீனியும் சேர்க்கக் கூடாது என்பது மாமாவின் உத்தரவு. பதினோராம் நாள் அவருக்கு விக்கல் தொடங்கியது. தண்ணீர் குடிக்கச் செய்தோம், மூச்சை அடக்கச் சொன்னோம், யார் நினைக்கிறார்களோ என்று பகிடியும் பண்ணினோம். இரண்டு நாளாகியும் விக்கல் நிற்கவில்லை. சத்தி வந்தது, சிறுநீர் குறைந்தது, மூன்றாம் நாள் காலையில் என்னைத் தன் காலமான அக்காவின் பெயரால் கூப்பிட்டார்.

வைத்தியசாலையில் வேறு மருந்து ஏதும் எடுக்கிறாரா, கஷாயம் ஏதும் குடிக்கிறாரா என்று மூன்று முறை கேட்டார்கள். மூன்று முறையும் இல்லை என்றுதான் சொன்னோம். அது பொய் அல்ல, காமரங்காய் எங்களுக்குப் பழம். நான்காவதாக வந்த இளம் டொக்டர் கேள்வியை மாற்றி, "காலையில் எழுந்ததிலிருந்து இவர் வாயில் என்னென்ன வைக்கிறார் என்று வரிசையாகச் சொல்லுங்கள்" என்றார். அந்த வரிசையில் முதலில் வந்தது சாறு. அவர் அடுத்ததைக் கேட்கவே இல்லை.

பிறகு அவர் விளக்கியதையும் நான் தேடி வாசித்ததையும் சேர்த்து எழுதுகிறேன். காமரங்காயில் ஒக்சாலிக் அமிலம் மிகுதி. இனிப்புக் காயைவிடப் புளிப்புக் காயில் இன்னும் அதிகம். உணவோடு சேர்ந்து போனால் அதில் ஒரு பங்கு குடலிலேயே கல்சியத்தோடு கட்டுண்டு வெளியேறிவிடும். வெறும் வயிற்றில், அதுவும் சாறாக, போகும்போது அது இரத்தத்தில் ஏறி, சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் பளிங்குகளாகப் படிகிறது. இதைத் தவிர, காரம்பொக்சின் என்ற நரம்பு நஞ்சும் அந்தக் காயில் இருப்பதை பிரேசில் நாட்டு ஆய்வாளர்கள் 2013இல் கண்டறிந்தார்கள். நல்ல சிறுநீரகம் அதை வெளியேற்றிவிடும். ஏற்கெனவே தளர்ந்த சிறுநீரகத்தால் இயலாது என்பதால் நஞ்சு மூளையைத் தாக்குகிறது. விடாத விக்கல் அதன் முதல் அடையாளம். குழப்பமும் வலிப்பும் பிறகு வரக்கூடும்.

இதன் உறவுக்காரன்தான் சிங்களத்தில் பிலிங் என்று சொல்லப்படும் பிலிம்பிக்காய். மீன் குழம்பில் கொறக்காவுக்குப் பதிலாக நாலைந்து காய் போடுகிறோம், உப்பிட்டு வெயிலில் காயவைத்து அச்சாறு போடுகிறோம், ஒன்றும் நடப்பதில்லை. ஆனால் கொழுப்பு குறையும் என்று நம்பி அதன் சாற்றைக் குடித்த பத்துப் பேருக்குச் சிறுநீரகம் செயலிழந்ததைக் கேரள மருத்துவர்கள் 2013இல் பதிவு செய்தார்கள். அவர்களில் ஏழு பேருக்கு டயலிசிஸ் தேவைப்பட்டது. குசினியில் புளிக்காக நாலு காய் போடுகிற கை, மருந்து என்றவுடன் ஏன் நாற்பது காயைப் பிழிகிறது என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை. என் கையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கொட்டாஞ்சேனையிலிருந்து

அக்கா எழுதிய அந்தக் "காலையில் எழுந்ததிலிருந்து" என்ற கேள்வி எங்களுக்கும் உதவியிருக்கும். என் தம்பி கட்டட வேலைக்காக வத்தளைப் பக்கம் ஒரு வளவில் தங்கியிருந்தான். பற்றை வெட்டியபோது கிளம்பிய கிழங்குகளை வற்றாளைக் கிழங்கு என்று நினைத்து, அவனும் கூட இருந்தவரும் அவித்துச் சாப்பிட்டிருக்கிறார்கள். கசந்ததால் தம்பி இரண்டு துண்டோடு நிறுத்திக்கொண்டான். நாலு மணி நேரத்தில் இருவருக்கும் சத்தியும் வயிற்றோட்டமும் தொடங்கின. கடைச் சாப்பாட்டைத் திட்டிக்கொண்டே ஜீவனி என்ற உப்புச்சீனித் தூளைக் கரைத்துக் கொடுத்தோம். அந்த இரவு முழுவதும் வீணாகப் போயிற்று.

விடிந்த பிறகு, அவிக்காமல் மீந்த கிழங்கு ஒன்றை யாரோ சொப்பிங் பையில் போட்டு வார்ட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அதைக் கையில் வாங்கிப் பார்த்தேன்: விரல் தடிமன், பழுப்புத் தோல், கலப்பை போல இரண்டு கையாக வளைந்திருந்தது. கார்த்திகைப் பூவை அறியாத தமிழர் இல்லை, ஆனால் அதன் கிழங்கைக் கண்டவர் எத்தனை பேர்? கலப்பைக்கிழங்கு என்ற பெயரே அடையாளத்தைச் சொல்லிக்கொண்டிருந்தும் எங்களில் ஒருவருக்கும் அது நினைவில் வரவில்லை. வார்ட்டிலிருந்து தேசிய வைத்தியசாலையில் உள்ள நஞ்சுத் தகவல் நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்து, அடுத்த நாட்களில் எதைக் கவனிக்க வேண்டும் என்று கேட்டறிந்தார்கள்.

அந்தக் கிழங்கில் இருப்பது கொல்சிசின். கவுட் என்ற மூட்டு வாதத்துக்கு மில்லிகிராம் கணக்கில் மாத்திரையாகக் கொடுப்பதும் இதையேதான். கலங்கள் பிரிவதை அது தடுப்பதால், வேகமாகப் பிரிகின்ற கலங்கள் முதலில் அடிபடும். குடல் முதல் நாளிலும், எலும்பு மச்சை அடுத்த சில நாட்களிலும், முடி அதற்குப் பிறகும். அவிப்பதால் அது அழிவதில்லை. வயிற்றோட்டம் நின்று தம்பி எழுந்து உட்கார்ந்தபோது தப்பிவிட்டான் என்று நாங்கள் ஆறுதல் அடைந்தோம், வெள்ளணுக்கள் விழத் தொடங்கியதோ அதற்குப் பிறகுதான். இருவரும் பிழைத்தார்கள். பன்னிரண்டாம் நாள் தலை வாரியபோது சீப்போடு முடி கொத்தாக வந்தது. இதே கிழங்கால் தலைமுடி முழுவதும் கொட்டிய நோயாளி ஒருவரைப் பற்றி இலங்கை மருத்துவர் ஒருவர் 1966இலேயே பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் எழுதியிருக்கிறார் என்பதை அறிந்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை காலமாக அறியப்பட்ட விடயம் எங்கள் வீட்டுக்கு மட்டும் வந்து சேரவில்லை.

தெகிவளையிலிருந்து

நான் சித்த மருத்துவம் படித்துத் தொழில் செய்பவன். இவ்விரு அனுபவங்களையும் வாசித்து, நாட்டு மருந்தே நஞ்சு என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். கலப்பைக்கிழங்கு நஞ்சு என்பதை எங்கள் மரபு நன்கு அறியும். அதனால்தான் அதைச் சுத்தி, அதாவது நஞ்சு நீக்கும் பக்குவம், செய்யாமல் எந்த மருந்திலும் சேர்ப்பதில்லை. சுத்தி என்ற படியைத் தவிர்த்துவிட்டுச் சரக்கை மட்டும் எடுத்துக்கொள்பவர்கள் செய்வது மருத்துவம் ஆகாது.

அதே நேரத்தில், எங்கள் பக்கத்துக் குறையையும் நான் மறைக்க விரும்பவில்லை. உடனே வாந்தியாக வெளிப்படும் நஞ்சை மரபு கண்டுகொண்டது. மாதக்கணக்கில் ஈரலை அரிக்கும் நஞ்சைக் கண்டுகொள்வது அதற்குக் கடினமாக இருந்தது. பேராதனை ஆய்வாளர்கள் 1981இல் வெளியிட்ட ஆய்வில், பரிசோதித்த 50 மூலிகைகளில் 3இல் பிரொலிசிடின் அல்கலோயிட் என்ற, ஈரலைக் கெடுக்கும் தாவர நஞ்சு இருப்பதாகக் கண்டார்கள். ஒன்று கிலுகிலுப்பை வகை, இன்னொன்று குடசப்பாலை, மூன்றாவது ஆவாரை, அதாவது கொழும்பில் தேநீருக்குப் பதிலாகப் பலர் குடிக்கும் ரணவரா. எலிகளுக்கு உணவோடு கொடுத்தபோது ஈரல் பழுதடைந்தது. எலிக்கு நேர்ந்தது ஒரு கோப்பை குடிக்கும் மனிதனுக்கும் நேரும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனாலும் ஈரல் நோயாளிக்கும் கர்ப்பிணிக்கும் அதை நாள்தோறும் குடிக்கக் கொடுப்பதை நான் நிறுத்திவிட்டேன்.

மாமா இப்போது எப்படி இருக்கிறார், அம்மா?

வெள்ளவத்தையிலிருந்து, மீண்டும்

வைத்தியர் ஐயாவுக்கு நன்றி. ஐந்து முறை டயலிசிஸ் செய்த பிறகு மாமாவுக்குச் சிறுநீர் வழமைக்குத் திரும்பியது. சிறுநீரகத்தின் நிலையை இரத்தத்தில் காட்டும் கிரியாட்டினின் மட்டும் பழைய அளவுக்கு இறங்கவேயில்லை. முன்பே சிறுநீரகம் பாதி தளர்ந்திருந்ததாம், அதுவும் எங்களுக்குத் தெரியாது. சாறு வேலை செய்தது, அளவுதான் பிழைத்தது என்று அவர் இன்றும் வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார், நான் வாதாடுவதில்லை. கிளினிக் கொப்பி இப்போது என்னிடம்தான் இருக்கிறது. அதன் பின்னட்டையில், காலையில் எழுந்ததிலிருந்து அவர் வாயில் வைப்பவற்றை வரிசையாக எழுதிவருகிறேன். நேற்றுச் சேர்ந்த வரி: பக்கத்து வீட்டார் தந்த தேபு இலைச் சுண்டல், ஒரு கரண்டி.