பால்வெட்டுக் கணக்கு: போனா, டைரியா?

குலசேகரம்காரன்: ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு முடிந்ததும் ரப்பர் ஷீட் எத்தனை, ஒட்டுப்பால் (மரத்திலும் சிரட்டையிலும் உறைந்து ஒட்டிய பால்) எத்தனை கிலோ என்று அப்பா டைரியில் எழுதுவார். நான் போனில் ஏற்றிப் பார்த்தேன், பால் பிசுபிசுத்த விரலுக்குத் திரை நகரவே மாட்டேங்குது, அதுபோக பேனா பிடித்து எழுதுகிற சுகமும் இல்லை. நீங்களெல்லாம் எப்படி?

மார்த்தாண்டம் அக்கா: டைரிதான் மக்களே. 2017 நவம்பர் 30 ஒக்கி புயல் அடித்து கரண்டும் டவரும் போனபோது, எங்கள் வீட்டில் பேசியது பேட்டரி ரேடியோ மட்டும்தான்.

தக்கலை அண்ணன்: அதற்காகப் போனை ஒதுக்காதீங்க. ரப்பர் வாரியத் தளத்தில் தினமும் வருகிற கோட்டயம் சந்தை ரப்பர் விலையை டைரியிலா பார்ப்பீங்க? எழுதுங்க, அப்புறம் மாதக் கடைசியில் பக்கத்தைப் படம் எடுத்து வைங்க, கரையான் அரித்தாலும் கணக்கு இருக்கும்.

குலசேகரம்காரன்: சரி அண்ணே. அப்பா கையெழுத்து படத்திலும் எனக்குப் புரியாது, அது வேற விஷயம்.