மதியம் தண்ணி விட்டா புல் கருகுமா?

செம்மண்: நேத்து ஒருத்தர் இங்க வந்து, "மதியம் லானுக்குத் தண்ணி விடாதீங்க, ஒவ்வொரு துளியும் பூதக்கண்ணாடி மாதிரி இலையை எரிச்சிடும்"னு அருள்வாக்கு சொல்லிட்டுப் போயிருக்கார். கோடை மழை விட்டதும் சுள்ளுனு வெயில் அடிக்குதே, ஊர்ல இருக்கற அருகம்புல் எல்லாம் சாம்பலாயிடுச்சா?

அடையாறு அங்கிள்: சொன்னது நான்தான் தம்பி, நேராவே திட்டலாம். மே மாசம் பகல் 12 மணிக்கு வாட்ச்மேன் பைப்புல அடிச்சார். மூணாம் நாள் நுனியெல்லாம் பழுப்பு. கண்ணால பார்த்தேன்.

செம்மண்: போர் தண்ணியா சார்?

அடையாறு அங்கிள்: ஆமா, அதுக்கென்ன?

செம்மண்: உப்பு சார், உப்பு! குழாய் வாயில வெள்ளையா பூத்திருக்குமே, அதேதான் இலையிலயும் படியுது. லென்ஸ் கதையை 2010லயே ஹங்கேரிக்காரங்க சோதிச்சுட்டாங்க. மேப்பிள், ஜிங்கோ இலை எதுவும் துளியால கருகல.

கொல்லைப்புறம்: முழுசா சொல்லுங்க. அதே ஆய்வுல, ரோமம் இருக்கற மிதக்கும் பெரணி இலை கருகிச்சு. பஞ்சகவ்யா சண்டையிலயும் நீங்க பாதியைத்தான் சொன்னீங்க.

செம்மண்: லான்ல பெரணியா வளர்க்கறீங்க? பஞ்சகவ்யாவை இன்னும் மறக்கலையா!

மல்லிப்பந்தல்: ஏங்க, நான் ஆபீஸ்லேர்ந்து வர்றதே ஏழு மணி. ராத்திரி விடலாமா?

செம்மண்: கூடாதுங்க. இலை ராத்திரி பூரா ஈரமா கிடந்தா பூஞ்சை வட்டம் வட்டமா வரும். காலையில 5லேர்ந்து 8க்குள்ள விடுங்க.

அடையாறு அங்கிள்: பார்த்தீங்களா, மதியம் வேண்டாம்னு அவரே ஒத்துக்கறார்.

செம்மண்: வேருக்குப் போறதுக்குள்ள ஆவியாகும், அதனால வேண்டாம். எரியும்னு எங்க சொன்னேன்? ஒரு மூலைக்குப் போர் தண்ணி, இன்னொரு மூலைக்குக் கேன் தண்ணி, ரெண்டையும் 12 மணிக்கு விட்டுப் பாருங்க.

அடையாறு அங்கிள்: கேனுக்குக் காசு நீ தருவியா?

மேட்டுக்காடு: 2019ல ஜோலார்பேட்டையிலேர்ந்து ரயில்ல தண்ணி வந்த ஊரு. கொரியன் புல்லுக்குக் கேன் தண்ணியாம்!

அடையாறு அங்கிள்: சிறுவாணி குடிச்சுட்டு எங்களுக்குப் புத்தி சொல்லாதீங்க.

மேட்டுக்காடு: நான் கோவைனு யார் சொன்னா? ராமநாதபுரம். வந்து எங்க கிணத்தை எட்டிப் பாருங்க.

கொல்லைப்புறம்: பெரணிக்கு இன்னும் பதில் வரல.

செம்மண்: உப்புக்கும்தான் வரல.

அடையாறு அங்கிள்: 12 மணிக்கு விட்டாங்க, கருகிச்சு. நான் பார்த்தேன்.

செம்மண்: உப்பு.

மல்லிப்பந்தல்: அஞ்சு மணிக்கு யாருங்க எழுந்திருக்கறது?