குடும்பக் குழு: சரசு அத்தையின் மூச்சிளைப்பு

செல்வம் மாமா: சரசுவுக்கு நெஞ்சு எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறதாம். ஆஸ்துமா என்று எழுதி இன்ஹேலர் கொடுத்திருக்கிறார்கள். யாரும் கவலைப்பட வேண்டாம் 🙏

கவிதா: டாக்டர் என்ன கேட்டார் மாமா?

செல்வம் மாமா: வீட்டில் யாராவது பீடி பிடிப்பார்களா, விறகடுப்பா என்று கேட்டார். இரண்டும் இல்லை என்றேன்.

கவிதா: அத்தை பார்த்த வேலை?

செல்வம் மாமா: வீட்டில்தான் இருக்கிறாள் என்று சொன்னேன்.

கவிதா: பஞ்சு மில்லில் இருபது வருடம் நின்றவர் வீட்டில் இருக்கிறாரா? நன்றாக இருக்கிறது மாமா!

சரசு அத்தை: பஞ்சைப் பிரித்து உதறுகிற புளோ ரூமில் பாதி, அதைச் சீவுகிற கார்டிங்கில் பாதி கண்ணு. பஞ்சுப் பொதியைப் பிரித்தால் எதிரில் நிற்கிறவள் முகம் தெரியாது. புருவமெல்லாம் வெள்ளையாகிவிடும். ஷிப்டு முடிந்ததும் ஒரு துண்டு வெல்லம் தின்போம், தூசி இறங்கிவிடும் என்று.

கவிதா: வெல்லம் வயிற்றுக்குத்தான் போகும் அத்தை, நுரையீரலுக்குப் போகாது. வார லீவு முடிந்து போகிற நாளில் நெஞ்சை அடைக்குமா?

சரசு அத்தை: திங்கட்கிழமை சாயங்காலம் நெஞ்சில் கல்லை வைத்தது போல இருக்கும். புதன் வந்தால் தேவலை. பிறகு பிறகு எல்லா நாளும் அப்படித்தான். லீவு எடுத்த சோம்பல் என்பார் சூப்பர்வைசர்.

கவிதா: அதற்குப் பெயர் பிசினோசிஸ். பஞ்சுத் தூசியால் வருவது. எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. ஸ்பைரோமெட்ரி எடுக்கச் சொல்லுங்கள். குழாயில் ஊதி, முதல் வினாடியில் எவ்வளவு காற்று வெளியேறுகிறது என்று பார்ப்பார்கள். மருந்து கொடுத்து மறுபடி ஊத வைப்பார்கள். அப்போதும் அடைப்பு விலகாவிட்டால் சி.ஓ.பி.டி.யா, அதாவது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயா என்று யோசிப்பார்கள்.

சித்ரா: பீடியைத் தொடாதவருக்குமா அக்கா?

கவிதா: தூசியும் புகையும் போதும். பெண் என்றால் ஆஸ்துமா என்று எழுதி அனுப்புவது நடக்கத்தான் செய்கிறது.

செல்வம் மாமா: மில்லையே மூடிவிட்டார்கள். இனித் தெரிந்து என்ன ஆகப்போகிறது அம்மிணி?

கவிதா: இழந்தது முழுதாகத் திரும்பாது. மேலும் இறங்காமல் பார்க்கலாம். மருந்து, மூச்சுப் பயிற்சி, தடுப்பூசி எல்லாம் இருக்கின்றன. தொழிலாளர் காப்பீட்டுக்கான 1948ஆம் ஆண்டு ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் இது தொழில்சார் நோயாக இருந்தது. அத்தைக்குப் பொருந்துமா என்று விசாரிக்க வேண்டும். பழைய ஈ.எஸ்.ஐ. அட்டை இருக்கிறதா?

சரசு அத்தை: டிரங்குப் பெட்டியில், சம்பளச் சீட்டோடு.

கவிதா: எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். எந்த டிபார்ட்மென்ட், எத்தனை வருடம் என்று ஒரு தாளில் எழுதி டாக்டர் கையில் கொடுங்கள்.

சித்ரா: நானும் வருகிறேன் அத்தை. எங்கள் மில்லில் கழிவுப் பஞ்சுதான் ஓடுகிறது. எனக்கும் லீவு முடிந்த மறுநாள் இருமல்.

செல்வம் மாமா: இதை ஏன் இவ்வளவு நாள் சொல்லவில்லை? வியாழன் காலை ஏழு மணிக்கு இருவரும் கிளம்பியிருங்கள். வண்டி சொல்கிறேன்.