நாப்போலித்தேன் மேலுள்ள இளஞ்சிவப்புக்கு ஒரு சொல் வேண்டும் (வியாழனுக்குள்)

ரோஸ் ஹில், மொரீஷியஸ், ஆசிரியை:

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

தீபாவளிக்கு முன்னால் எங்கள் மாலை வகுப்புப் பிள்ளைகள் வீட்டில் செய்த பலகாரங்களைக் கொண்டுவந்து பகிர்ந்துகொள்வார்கள். இந்த ஆண்டு ஒவ்வொரு தட்டுக்கும் பக்கத்தில் தமிழில் ஒரு செய்முறை அட்டை வைக்கிறோம். அட்டைகளைத் தொகுத்துச் சிறு நூலாக அச்சிடவும் போகிறோம். வியாழக்கிழமை காலை அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும்.

இங்கே பூத்தூ என்று சொல்லும் பலகாரம் தொல்லை தரவில்லை. புட்டு என்ற தன் தமிழ்ப் பெயருக்கே திரும்பிவிட்டது. காத்தோ பத்தாத்துக்கு 'வள்ளிக்கிழங்குச் சோமாசி' என்று பிள்ளைகளே பெயர் வைத்தார்கள். வழிமறித்து நிற்பது நாப்போலித்தேன். வெளிநாட்டு அன்பர்களுக்காகச் சொல்கிறேன்: வெண்ணெயும் மாவும் பிசைந்து சுட்ட இரண்டு வட்ட பிஸ்கட்டுகள், நடுவில் ஜாம், மேலே ரோஜா நிறத்தில் உறைந்த சர்க்கரை. மொரீஷியசில் இதைத் தின்னாமல் வளர்ந்த பிள்ளை இருக்காது. அந்த மேல்பகுதியைப் பிரெஞ்சில் கிளாசாஜ் என்பார்கள்.

நான் 'சர்க்கரைப் பூச்சு' என்று எழுதிக் கொடுத்தேன். ஒரு சிறுமி எழுந்து 'சர்க்கரைப் பூச்சி' என்று வாசித்தாள். வகுப்பு முழுவதும் சிரித்தது. அவள் அட்டையை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டாள். வெளியே எடுக்கவே இல்லை. வீட்டில் தமிழல்ல, தீவின் பேச்சுமொழியான கிரியோல் பேசும் பத்து வயதுப் பிள்ளை ஒரே மூச்சில் சொல்லக்கூடிய சொல் வேண்டும். அதை வைத்து ஒரு வினையும் அமைய வேண்டும். உதவுங்கள்.

கோவை, ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

புதுச்சொல் ஆக்குமுன் பழஞ்சொல்லைத் தேடுவோம். மதுரைக்காஞ்சியில் நள்ளிரவு மதுரையைக் காட்டும் இடத்தில், தேனடை போன்ற மெல்லடையையும் மோதகத்தையும் விற்றுக் களைத்த வணிகர் இருந்த இடத்திலேயே தூங்குகிறார்கள். 'தீஞ்சேற்றுக் கூவியர்' என்பது அவர்கள் பெயர். அங்கே 'ஆடமை விசயம்' என்று வருகிறது. விசயம் என்றால் பாகு. பெரும்பாணாற்றுப்படையிலும் கூவியர் கரிய சட்டியில் பாகோடு வட்டம் பிடிக்கிறார்கள். இன்று அடுமனை நடத்துபவரைக் கூவியர் என்று அழைக்க நமக்கு ஏன் கூச்சம் என்பது எனக்கு விளங்கவில்லை.

'விசயப் போர்வை' என்று முன்மொழிகிறேன். 'சர்க்கரை' வேண்டாம், வடமொழியில் சர்க்கரா என்றால் பரற்கல். 'சீனி' சீன நாட்டைச் சுட்டுவது. ஆனால் ஒன்று: மலையாளத்தார் 'சக்கர' என்று சொன்னதைப் போர்த்துக்கீசியர் காதில் வாங்கி, அது ஆங்கிலத்தில் ஜாகரி ஆனது. கற்கண்டின் 'கண்டு' பாரசீகம், அரபு வழியாகச் சென்ற 'கண்ட'த்தின் உறவு. மேற்கே அது கேண்டி ஆனது. இதைத் தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

போர்ட் லூயிஸ், கட்டடப் பொறியாளர்:

பேராசிரியர் ஐயாவுக்கு வணக்கம். 'விசயம் இரண்டு கரண்டி ஊற்றவும்' என்று அட்டையில் படித்தால் பிள்ளைகளின் பெற்றோர் என்ன விஷயம் என்று கேட்பார்கள். அந்தச் சொல் வேறு வேலைக்குப் போய்விட்டது. திரும்பக் கூப்பிட முடியாது.

எனக்கு 'சாந்து' என்ற சொல்லின்மேல் நம்பிக்கை இருக்கிறது. நம் ஊர்ப் பழைய கொத்தனார்கள் சுண்ணாம்புச் சாந்தில் கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்த்தார்கள். செட்டிநாட்டுச் சுவர்களின் பளபளப்புக்கு முட்டை வெள்ளைக்கரு. திருமணக் கேக்கின்மேல் கெட்டியாக நிற்கும் ஐசிங்கில் என்ன இருக்கிறது? வெள்ளைக்கருவும் சர்க்கரையும். செய்பொருளே ஒன்றாக இருக்கும்போது சொல் ஏன் வேறாக வேண்டும்? 1735இல் ஆளுநராக வந்த லா பூர்தொனே இந்த நகரத்தைக் கட்டப் புதுச்சேரியிலிருந்து வரவழைத்தவர்களில் தமிழ்க் கொத்தனார்களும் இருந்தார்கள். கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வருவதற்கு நூறு ஆண்டு முன்பே நாம் இங்கே சாந்து பூசிக்கொண்டிருந்தோம். 'சர்க்கரைச் சாந்து' என்று அந்தப் பிள்ளை வாசிக்கும்போது அவளுடைய மூதாதையர் கைத்தொழிலும் கூடவே வரும். பூச்சியும் வராது.

செயின்ட் பியேர், ரெயூனியன்:

என் தமிழ் நாற்பது வயதுக்குமேல் கற்றது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் தீவின் பழைய காப்பித் தோட்டங்களில் கொட்டை உலர்த்தும் தளத்தை அர்காமாஸ் என்பார்கள். அதுவும் சுண்ணாம்புச் சாந்துதான். இந்தியாவிலிருந்து வந்த கைவேலை. ஐயா எழுதியதைப் படித்தபோது அந்தத் தளத்தின்மேல் வெறுங்காலோடு நின்றது நினைவுக்கு வந்தது. ஆனால் 'சாந்து' என்றால் நெற்றிப் பொட்டு என்றும் என் ஆசிரியர் கற்பித்தார். இரண்டில் எது?

காத்ர் போர்ன், வீட்டில் கேக் செய்து விற்பவர்:

தம்பி, உங்கள் மூதாதையர்மேல் எனக்கும் மரியாதை உண்டு. சுவரில் பூசுவதை நான் வாயில் வைக்க மாட்டேன்.

முப்பது ஆண்டுகளாக நாப்போலித்தேன் செய்கிறேன். யாரும் செய்முறையைக் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். 250 கிராம் வெண்ணெய், 375 கிராம் மாவு. பிஸ்கட்டில் சர்க்கரை சேர்ப்பதே இல்லை, இனிப்பெல்லாம் மேலேதான். நிறம் ஏறுமுன் அடுப்பிலிருந்து எடுத்துவிட வேண்டும். சலித்த சர்க்கரைத் தூளில் கொதிநீரைக் கரண்டி கரண்டியாக விட்டு, இட்லி மாவைவிடச் சற்றுத் தளர்வாகக் குழைத்து, ஒரு சொட்டுச் சிவப்பு. பிஸ்கட்டின் நடுவில் ஊற்றினால் அது தானாக ஓரத்துக்கு ஓட வேண்டும்; கத்தியால் தேய்த்தால் தடம் விழும். பிறகு தொடக்கூடாது. ஐந்தாறு நிமிடத்தில் பளபளப்பு அடங்கும். மேலே ஏடு கட்டும். விரல் நுனியால் தொட்டால் ஒட்டாது, ஆனால் உள்ளே இன்னும் இளகியிருக்கும். அந்த நேரத்தில் தட்டை அசைத்தால் விரிந்துவிடும். மறுநாள் காலையில் பார்த்தால் பூத்திருக்கும்.

பூத்தல் என்றுதான் என் மாமியார் சொல்வார். பாகு ஆறிய பிறகு மேலே வெள்ளையாக வருமே, அது. எனவே 'பூப்பாகு' என்று வைக்கலாமா?

இன்னொன்று. ஃபாந்தான் என்பது வேறு. சர்க்கரையும் நீரும் 115 பாகை அளவு வரை காய்ச்சி, உருட்டுப் பதம் பார்த்து இறக்கி, கிளறாமல் ஆறவிட்டு, பிறகு கட்டையால் அடித்து அடித்து வெளுக்கவைப்பது. கடைக்காரர் இரண்டையும் ஒரே பெயரால் சொல்கிறார் என்பதற்காக நாமும் சொல்லக்கூடாது.

கோவை:

அம்மையாரின் மடலை இரண்டு முறை படித்தேன். ஆனால் பூப்பாகு ஆகாது. பூப்பு என்ற சொல்லைத் தொல்காப்பியம் கற்பியலில் எந்தப் பொருளில் ஆள்கிறது என்பது குழுவினருக்குத் தெரியும். பெண்பிள்ளைகள் வாசிக்கும் அட்டையில் அது வேண்டாம்.

'உறைபாகு' என்று சொல்லிப் பாருங்கள். வினைத்தொகை. உறைந்த, உறைகின்ற, உறையும் பாகு; மூன்று காலமும் ஒரு சொல்லில் அடங்கும். பெயராகக் கொண்டால் தலையணை உறைபோல மூடுவதும் உறை. பனியை நினைத்துப் பிரெஞ்சுக்காரன் வைத்த பெயரின் குளிர்ச்சியும் இதில் இருக்கிறது, பனியும் உறைவதுதானே. மாற்றிப் போட்டால் பாகுறை. பாகு நெடில்தொடர்க் குற்றியலுகரம், உயிர் வர உகரம் கெடும், புணர்ச்சியும் இடறாது. பத்து ஆண்டுகளில் எனக்கு இவ்வளவு நிறைவு தந்த சொல் வேறில்லை.

மோக்கா, மொழிபெயர்ப்பாளர்:

எல்லோரும் மன்னிக்க வேண்டும். தமிழ்நாட்டு நாளிதழ்களே ஐசிங் என்றுதான் எழுதுகின்றன. பஸ்ஸுக்கும் டிக்கெட்டுக்கும் கொடுத்த இடத்தை இதற்கும் கொடுத்தால் என்ன குறை? பிள்ளைக்கு முதலில் வாக்கியம் அமைக்கத் தெரியட்டும். பெயர்ச்சொல்லில் தடுக்கி விழுந்தால் அவள் அடுத்த ஆண்டு வகுப்புக்கே வரமாட்டாள். நான் பார்த்திருக்கிறேன்.

போர்ட் லூயிஸ்:

1998இல் மொரீஷியசின் புதிய ரூபாய்த் தாளில் தமிழ் வரியை இந்திக்குக் கீழே இறக்கியபோது நாம் அப்படிச் சொல்லவில்லை. எதிர்த்துக் குரல் கொடுத்தோம்; அந்தத் தாள்களைத் திரும்பப் பெற்றார்கள். வீட்டில் தமிழ் பேசாத குடும்பங்களும் அந்த ஒரு வரிக்காக நின்றன. சொல் பிழைக்கும் என்று நம்பாமல் வகுப்பு நடத்துவது எதற்கு?

காத்ர் போர்ன்:

உறைபாகு நல்ல சொல். ஆனால் நாப்போலித்தேனுக்குப் பொருந்தாது. காய்ச்சாதது எப்படிப் பாகு ஆகும்? அடுப்பில் ஏறிப் பதம் பார்த்தால்தான் பாகு. அதை ஃபாந்தானுக்கு எடுத்து வையுங்கள், அச்சாகப் பொருந்துகிறது.

ரோஸ் ஹில்:

அனைவருக்கும் நன்றி. நேற்று மாலை கரும்பலகையில் நான்கு சொற்களை எழுதினேன்: சர்க்கரைச் சாந்து, உறைபாகு, ஐசிங், சீனி உறை. கடைசிச் சொல், பேராசிரியர் ஐயாவின் உறையையும் அம்மாவின் திருத்தத்தையும் சேர்த்து நான் கட்டியது. பிள்ளைகள் வரிசையாக வாசித்தார்கள். சாந்தில் 'ந்து' நன்றாக வந்தது, ஆனால் இருவர் அதை 'சந்து' என்றார்கள். உறைபாகுவை வாசித்தவர்கள் பொருள் கேட்டார்கள். ஐசிங்கை யாரும் எழுதிப் பார்க்கக்கூட விரும்பவில்லை. சீனி உறையை எல்லோரும் தடுக்காமல் சொன்னார்கள். பூச்சியில் மாட்டிக்கொண்ட சிறுமி எழுந்து, 'நான் பிஸ்கட்டுக்கு உறை போட்டேன்' என்றாள். வினை தானாகவே கிடைத்தது.

சீனி சீனத்துச் சொல் என்ற ஐயாவின் மறுப்பை அறிவேன். இங்கே எங்கள் பாட்டிகள் அனைவரும் சீனி என்றுதான் சொன்னார்கள். குழுவில் ஐவர் உடன்பட்டிருக்கிறார்கள். இருவர் களைத்துப்போய் 'எதையாவது போடுங்கள்' என்று தனி மடல் அனுப்பினார்கள். சீனி உறை என்று கொடுத்துவிட்டேன்.

கோவை:

உடன்பாடில்லை. குறைந்தது 'கன்னல் உறை' என்று போட்டிருக்கலாம். இரண்டாம் பதிப்புக்கு மீண்டும் எழுதுவேன்.

செயின்ட் பியேர்:

தாமதத்துக்கு மன்னிக்கவும். எல்லா மடல்களையும் அகராதியோடு இன்றுதான் படித்து முடித்தேன். காத்ர் போர்ன் அம்மா செய்முறையில் 'மேலே ஏடு கட்டும்' என்று எழுதியிருக்கிறார். ஏடு என்றால் பாலின்மேல் படியும் மெல்லிய தோல் என்று அகராதி சொல்கிறது. பொருள் சரியாக இருக்கிறது, சொல் சிறியது, 'கட்டும்' என்று வினையும் கூடவே இருக்கிறது. இதை ஏன் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை? எனக்குத் தெரியாத குறை ஏதாவது உண்டா?

காத்ர் போர்ன்:

ஐயோ, அதை நான் சொல் என்றே நினைக்கவில்லை. தினமும் வாயில் வருவது.

ரோஸ் ஹில்:

அச்சகத்துக்கு இப்போதுதான் தொலைபேசியில் பேசினேன். பதினாறு பக்கங்கள் ஓடிவிட்டன. நாப்போலித்தேன் 9ஆம் பக்கம்.